ப்ரீடெஸ்ட்ராய்க்கு யார் பொறுப்பு?

2025 நவம்பரில் வெளியான ஸ்பிரிங் 7 ஒரு பழைய சலுகையை முடித்துவைத்தது. ஜாவாக்ஸ்.இன்ஜெக்ட், ஜாவாக்ஸ்.அனோட்டேஷன் என்ற இரண்டு பேக்கேஜ்களின் அனோட்டேஷன்களை அது இனி கண்டுகொள்ளாது. ஜகார்த்தா பெயரில் இருந்தால்தான் செல்லும். ஸ்பிரிங் 6 இரு பெயர்களையும் ஏற்றதால் இத்தனை நாள் தள்ளிப்போட முடிந்தது. அந்த வரிசையின் 6.2-க்கும் ஸ்பிரிங் பூட் 3.5-க்கும் இலவசப் பராமரிப்பு 2026 ஜூனோடு நிற்கிறது. ஆதரவு முடிந்த மென்பொருளைத் தவிர்க்க வேண்டும், முடியும் தேதிக்கு முன்பே மாற்றிக்கொள்ளும் திட்டம் கையில் இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் தகவல் தொழில்நுட்ப ஆளுகை பற்றிய முதன்மை நெறிமுறை. 2023 நவம்பர் 7-இல் வெளியாகி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது அது. ஆக, பணம் கட்டிப் பழைய பதிப்பிலேயே இருக்கலாம், அல்லது 7-க்குப் போகலாம். சும்மா இருக்க வழியில்லை. யூகோ வங்கிக்கும் பந்தன் வங்கிக்கும் தலைமையிடமான ஊர் கொல்கத்தா. செக்டர் ஐந்திலும் நியூ டவுனிலும் பிறர் எழுதிவிட்டுப் போன ஜாவாவைத் தாங்கிப்பிடிப்பதே வேலையாகக் கொண்ட குழுக்கள் ஏராளம். 7-க்குப் போகலாமா என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு இந்த இதழ் நேராகப் பதில் சொல்ல வேண்டும். 7-க்குப் போங்கள். ஆனால் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட், ப்ரீடெஸ்ட்ராய் என்ற லைஃப்சைக்கிள் அனோட்டேஷன் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்டும் வரை மைக்ரேஷன் முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள். புதிதாக எழுதும் எதிலும் ஒரு பொருளின் முடிவை அனோட்டேஷனிடம் ஒப்படைக்காதீர்கள்.

இப்படிப் பிரித்துச் சொல்லக் காரணம், இந்த மாற்றத்தில் உடைவதெல்லாம் ஒரே விதமாக உடைவதில்லை. பழைய நேம்டு அனோட்டேஷன் போட்ட கிளாஸை ஸ்கேனிங் இனி பீனாக எடுத்துக்கொள்ளாது. அதை எதிர்பார்த்திருக்கும் இன்னொரு பீன் தொடக்கத்திலேயே விழும், அரை மணியில் சரிசெய்துவிடலாம். பழைய புரொவைடர் இன்டர்ஃபேஸைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டாலும் அப்படித்தான்; கண்டெய்னருக்கு அது இப்போது யாரோ ஒருவருடைய டைப், அப்படி ஒரு பீன் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். கன்ஸ்ட்ரக்டர் மேல் இருந்த இன்ஜெக்ட் தற்செயலாகப் பிழைக்கிறது: ஒரே கன்ஸ்ட்ரக்டர் இருந்தால் 4.3 முதல் அனோட்டேஷனே தேவையில்லை. ஃபீல்டு மேல் இருந்த இன்ஜெக்டும் ரிசோர்ஸும் அடுத்த படி. செயலி நன்றாகத் தொடங்கும், முதல் வாடிக்கையாளர் அந்தப் பாதைக்குள் வரும்போது நல் பாயிண்டர் வரும். மோசம்தான், ஆனாலும் அதற்கு ஒரு ஸ்டாக் டிரேஸ் உண்டு. போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் விட்டுப்போனால் கேஷ் காலியாக இருக்கும், அட்டவணை ஏறியிருக்காது, யாராவது கவனிப்பார்கள். ப்ரீடெஸ்ட்ராய் விட்டுப்போனால் எதுவுமே நடக்காது. எக்ஸெப்ஷன் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. நடக்க வேண்டியது நடக்கவில்லை என்பதே அதன் ஒரே அறிகுறி.

கம்பைலர் பிடித்துவிடாதா என்று கேட்கலாம். நம் சோர்ஸில் இருப்பதை, பழைய ஜாரை டிபெண்டன்சியிலிருந்து நீக்கினால், பிடித்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எந்த வங்கிச் செயலியைத் திறந்தாலும் அதில் ஒரு காமன் ஜார் கிடக்கும். ஆடிட் எழுதுவது, கிரிப்டோ, மெசேஜ் க்யூ என்று எல்லோருக்கும் பொதுவானதை எப்போதோ ஒரு குழு கட்டி நெக்சஸில் ஏற்றியிருக்கும். குழு கலைந்திருக்கும், சோர்ஸ் எந்த ரெப்பாசிட்டரியில் என்று யாருக்கும் தெரியாது. ரன்டைமில் ஒரு அனோட்டேஷனின் கிளாஸ் கிடைக்காவிட்டால் ஜாவா எந்தப் பிழையும் எழுப்பாமல் அதை விட்டுவிடும். ரிஃப்ளெக்ஷனிடம் கேட்டால் அந்த மெத்தடின் மேல் எதுவும் இல்லை என்றே பதில் வரும். எனவே கம்பைல் ஆகிக் கிடக்கும் அந்த ஜார், ஜாவாக்ஸ் ஜார் பக்கத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்பிரிங் 7-இன்கீழ் அமைதியாக ஏறும், வேலையும் செய்யும். முடிக்கும் வேலையை மட்டும் செய்யாது. இதற்கு ஒரு ஒத்திகை ஏற்கெனவே நடந்தது. ஜாவா 6 முதல் ஜேடிகேக்குள்ளேயே இருந்த போஸ்ட்கன்ஸ்ட்ரக்டும் ப்ரீடெஸ்ட்ராயும் 2018-இல் ஜாவா 11-இலிருந்து நீக்கப்பட்டன. பூட் ஸ்டார்ட்டரோ டாம்கேட்டோ தனியாக ஜார் தராத இடங்களில் அன்றும் இதே மௌனம்தான். அதிலிருந்து யாரும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை.

ப்ரீடெஸ்ட்ராய் பற்றி இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நிறைய எழுதியாயிற்று, இன்றும் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொருள் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி நம் துறை ஓயாமல் பேசுகிறது. கன்ஸ்ட்ரக்டரா ஃபீல்டா, லேசியா ஈகரா, சிங்கிள்டனா ரிக்வெஸ்ட் ஸ்கோப்பா என்று நேர்முகத் தேர்வில்கூடக் கேட்கிறோம். அது எப்படி முடிகிறது என்று கேட்பவர் அரிது. ப்ரீடெஸ்ட்ராய் போட்ட மெத்தடுக்குள் நம்மவர்கள் என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். நினைவகத்தில் வரிசையாக நிற்கும் ஆடிட் பதிவுகளை வட்டுக்குத் தள்ளுவது, பல சர்வர்களுக்குப் பொதுவான லாக்கைத் திருப்பித் தருவது, அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கோரிக்கைகளை ‘நிலை தெரியவில்லை’ என்று குறித்துவைப்பது, எச்எஸ்எம் அமர்வை மூடுவது, தற்காலிகக் கோப்பில் கிடக்கும் வாடிக்கையாளர் விவரத்தை அழிப்பது. இவற்றில் ஒன்றுகூட அலங்காரம் அல்ல. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் இட்ட ஆணைப்படி 180 நாள் லாகை இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கிறோம். ஆனால் பாட் ஒன்று இறங்கும்போது கடைசிச் சில விநாடிகளில் வரிசையில் இருந்தவை வட்டுக்குப் போகவே இல்லை என்றால், 180 நாள் பத்திரமாகக் காக்கப்படுவது ஓட்டை விழுந்த லாக். ஒரு நாளைக்குப் பல முறை டிப்ளாய் செய்யும் இடத்தில் அந்த ஓட்டை எத்தனை என்று எண்ணிக்கொள்ளலாம்.

பாதியில் நின்ற பரிவர்த்தனை எவ்வளவு செலவு வைக்கும் என்பதை இந்த ஊர் அறியும். 2023 நவம்பர் 10 முதல் 13 வரை, அனுப்பிய வங்கிகளின் பக்கம் தோல்வி என்று பதிவான ஐஎம்பிஎஸ் பரிவர்த்தனைகள் யூகோ வங்கிக் கணக்குகளில் வரவாகின. தொகை சுமார் 820 கோடி ரூபாய். வங்கி ஆரம்பத்தில் 649 கோடியை மீட்டதாக அறிவித்தது, சிபிஐ வழக்குப் பதிந்து கொல்கத்தாவிலும் மங்களூருவிலும் சோதனை நடத்தியது. அதற்கும் அனோட்டேஷனுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. ஒரு பக்கம் முடிந்தது, மறுபக்கம் முடியவில்லை என்ற நிலையை யாரோ எங்கோ சரியாகக் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது, குறிக்காவிட்டால் கணக்கு இந்த அளவுக்குப் போகும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன். அப்படிக் குறித்துவைக்கும் வேலையை ஒரு பொருளின் முடிவுக் கட்டத்தில் வைத்து, அந்தக் கட்டத்தை ஒரு அனோட்டேஷனிடம் விட்டுவிட்டு, அந்த அனோட்டேஷனை எந்த பேக்கேஜிலிருந்து இம்போர்ட் செய்தோம் என்பதை ஐடிஇயிடம் விட்டிருக்கிறோம்.

டெஸ்டில் தெரிந்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். ஸ்பிரிங்கின் டெஸ்ட் கட்டமைப்பு, உருவாக்கிய கான்டெக்ஸ்டுகளை இயல்பாக 32 வரை கேஷில் வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அவை மூடப்படுவது ஜேவிஎம் இறங்கும்போதுதான். அதற்குள் எல்லா டெஸ்டும் பச்சை என்று அறிக்கை எழுதியாகிவிட்டது. முடிவு மெத்தட் ஓடியதா என்று கேட்கும் டெஸ்டைத் தனியாக, கான்டெக்ஸ்டை நாமே மூடி, எழுதினால்தான் உண்டு; எத்தனை குழுக்களிடம் அப்படி ஒன்று இருக்கிறது? சரியான பேக்கேஜில் இருந்தாலும் ப்ரீடெஸ்ட்ராய் ஓடும் என்ற உறுதி எப்போதும் இருந்ததில்லை என்று சிலர் சொல்வார்கள், அதுவும் உண்மை. பூட் 3.4 முதல் கிரேஸ்ஃபுல் ஷட்டவுன் தானாகவே இயங்குகிறது, ஒரு கட்டத்துக்கு அதன் இயல்புக் கெடு 30 விநாடி. குபர்நெட்டிஸ் சிக்டெர்ம் அனுப்பிய பின் காத்திருக்கும் இயல்புக் கெடுவும் 30 விநாடிதான். நீண்ட கோரிக்கை ஒன்று வெப் சர்வரைக் கடைசி வரை பிடித்துவைத்தால், பீன்களை அழிக்கும் கட்டம் வருவதற்குள் சிக்கில் வந்துவிடும். இரண்டு கெடுக்களையும் மாற்றாமல் ப்ரொடக்ஷனுக்குப் போன செயலிகளில் ப்ரீடெஸ்ட்ராய் ஏற்கெனவே அதிர்ஷ்டத்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் சில வேளைகளில் ஓடாமல் போவதற்கும் இனி ஒருபோதும் ஓடாது என்பதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவதைக் கெடுவை நீட்டிக் குறைக்கலாம். இரண்டாவது இருப்பதே தெரியாது.

இந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பிரிங்கின் சொந்த ஆட்டோவயர்டு போட்டவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. டிஸ்போசபிள்பீன் இன்டர்ஃபேஸை இம்ப்ளிமென்ட் செய்தவர்களுக்கும் இல்லை. அடிபடுபவர்கள் தரத்தைப் பின்பற்றியவர்கள். ஒரே வெண்டரின் பேக்கேஜை இம்போர்ட் செய்யாதே, பொதுத் தரத்தை எடுத்துக்கொள், நாளை கண்டெய்னரை மாற்ற வேண்டி வந்தால் கோடு அப்படியே போகும் என்பதுதான் 2009-இல் ஜேஎஸ்ஆர் 330 தந்த வாக்கு. கூகுளின் பாப் லீயும் ஸ்பிரிங்கை உருவாக்கிய ராட் ஜான்சனும் சேர்ந்து முன்வைத்தது. லைஃப்சைக்கிளுக்கு அதற்கு மூன்றாண்டு முந்திய ஜேஎஸ்ஆர் 250 இருந்தது. நம் நாட்டில் 2010 நவம்பரில் மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கை வந்தது. அது இடைமுகத்தையும் தரவையும் பற்றியதுதான், அனோட்டேஷனைப் பற்றியதல்ல. ஆனாலும் ‘வெண்டருக்குக் கட்டுப்படாத’ என்ற தொடர் அரசு டெண்டர்களில் சாதாரணமாகிவிட்டது. டெண்டரைப் படித்துவிட்டு ஒழுங்காக ஜாவாக்ஸ் எழுதிய மேற்பார்வையாளர்தான் இன்று மாட்டிக்கொண்டிருக்கிறார். காதில் போட்டுக்கொள்ளாதவர் நிம்மதியாக இருக்கிறார்.

அந்தப் பெயர் ஏன் போனது என்றால், தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. ஆரக்கிள் 2017-இல் ஜாவா இஇ-யை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கொடுத்தது. பெயருக்கான பேச்சுவார்த்தை முறிந்ததை 2019 மே மாதம் எக்லிப்ஸ் அறிவித்தது. ஜாவாக்ஸ் என்ற பேக்கேஜ்களை இருக்கிறபடியே வைத்துக்கொள்ளலாம், உள்ளே எதையும் மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. 2020 டிசம்பரில் ஜகார்த்தா இஇ 9 எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பெயர் மாற்றியது. இதில் ஒரு வேடிக்கை: மாற்றக் கூடாது என்ற தடையால் ஜாவாக்ஸ்.இன்ஜெக்டுக்கு எந்த இழப்பும் இல்லை, ஏனெனில் 2009-க்குப் பின் அதை யாரும் மாற்றவே இல்லை. அந்த ஜாரின் பதிப்பு எண் இன்றும் வெறும் 1 தான். அளவு இரண்டரை கிலோபைட். ஒரு வணிகமுத்திரைச் சண்டைக்காக அந்த இரண்டரை கிலோபைட்டின் பெயர் மாறியது. அதைத் தேடித் திருத்தும் கூலி ஆரக்கிளின் கணக்கிலும் வரவில்லை, எக்லிப்ஸின் கணக்கிலும் வரவில்லை. செக்டர் ஐந்தில் சனிக்கிழமை இரவு டிப்ளாய்மென்டுக்கு உட்கார்ந்திருப்பவரின் கணக்கில் வருகிறது.

அந்தத் தரம் சொன்னதைச் செய்ததா என்றால் அதுவும் அரைகுறை. ஸ்கோப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஸ்கோப் குறிக்காத கிளாஸை இன்ஜெக்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் புதிய பொருள் என்பது ஜேஎஸ்ஆர் 330-இன் நிலை. கைஸும் டேகரும் அப்படியே. சிடிஐயில் குறிக்காவிட்டால் டிபெண்டன்ட். ஸ்பிரிங்கில் நேம்டு மட்டும் போட்ட கிளாஸ் சிங்கிள்டன். தன் பிற பீன்களோடு ஒத்துப்போக இப்படிச் செய்கிறோம் என்று ஸ்பிரிங் ஆவணமே சொல்கிறது. அதாவது அதே கிளாஸ், அதே பொது அனோட்டேஷன், ஒரு கண்டெய்னரில் ஒருவருக்கு ஒன்று, இன்னொன்றில் ஊருக்கே ஒன்று. உள்ளே ஒரு வாடிக்கையாளர் எண்ணைப் பிடித்துவைக்கும் ஃபீல்டு இருந்தால் அது தரவுக் கசிவு. கோடு அப்படியே போகும் என்ற வாக்கு, இந்த வகைக் கோடு போகக் கூடாத இடத்துக்கும் அப்படியே போகும் என்பதையும் சேர்த்துத்தான். ஸ்கோப்பை ஒவ்வொரு கிளாஸிலும் வெளிப்படையாக எழுதும் பழக்கம் நம் குழுக்களில் இல்லாததற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. இயல்பு நிலை எங்கும் ஒன்றே என்று தரத்தின் பெயர் தந்த பொய்யான தெம்பும்தான்.

ஸ்பிரிங் குழுவின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. 2022 நவம்பரில் 6.0 ஜகார்த்தாவுக்கு மாறியது முதல் மூன்றாண்டு அவகாசம் தந்தார்கள், இரண்டு பெயரையும் சுமந்தார்கள். கைஸ்கூட 6.0-இல் இரண்டையும் ஏற்று 7.0-இல் பழையதைக் கைவிட்டது. எதையும் என்றென்றைக்கும் சுமக்க முடியாது. ஆனால் விலக்கிய விதத்தில் ஒரு குறை இருக்கிறது. கிளாஸ் கோப்புகளை ஸ்கேன் செய்யும்போது ஸ்பிரிங் பைட்கோடையே படிக்கிறது. பழைய ப்ரீடெஸ்ட்ராயின் பெயர் அந்தக் கோப்பில் எழுத்தாகவே இருக்கிறது. அதைக் கண்டால் தொடக்கத்திலேயே விழுந்துவிடு என்று ஓர் இயல்பு வைத்திருந்தால் இந்தத் தலையங்கத்துக்கே வேலை இருந்திருக்காது. வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி போதும் என்று நினைத்திருக்கிறார்கள். வெளியீட்டுக் குறிப்பைப் படிப்பவர் காமன் ஜாரை எழுதியவர் அல்ல.

நம் ஊர் அதிகார அமைப்புகளின் கேள்விகளோ வேறெங்கோ நிற்கின்றன. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைக்குத் தேதி தெரியும், நடத்தை தெரியாது. செர்ட்-இன் 2024 அக்டோபரில் எஸ்பாம் வழிகாட்டியை வெளியிட்டு 2025 ஜூலையில் விரிவாக்கியது. எந்த நூலகம், எந்தப் பதிப்பு, என்ன பலவீனம் என்று பட்டியல் போட வைப்பது நல்ல காரியம்தான். அந்தப் பட்டியலில் ஜாவாக்ஸ்.இன்ஜெக்ட் 1 என்ற வரி மாசற்றதாகத் தெரியும். அதைச் சார்ந்த கோடு இறந்துவிட்டது என்பதைக் கேட்க எஸ்பாமில் கட்டமே இல்லை. ஆடிட்டர் வருவார், ஸ்பிரிங் 7 என்பதைப் பார்ப்பார், பச்சை போடுவார். ஆதரவு உள்ள பதிப்புக்கு மாறியதற்கான சான்றிதழ் கிடைத்த அதே நாளில் ஆடிட் பதிவுகள் விடுபடத் தொடங்கியிருக்கும். மாற்றச் சொல்லும் அதிகாரம், மாற்றிய பின் பழையது செய்த வேலையைப் புதியதும் செய்கிறதா என்று கேட்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டாமா? பதிப்பு எண்ணைக் கேட்பது சுலபம், அதனால் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கருவிகள் இருக்கின்றனவே என்பவர்களுக்கு: இருக்கின்றன, பயன்படுத்துங்கள். ஓப்பன்ரீரைட் சோர்ஸை மாற்றித் தரும். எக்லிப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் சோர்ஸ் இல்லாத ஜாரின் பைட்கோடிலேயே பெயரை மாற்றும். பின்னது வெண்டர் கையெழுத்திட்ட ஜார் என்றால் கையெழுத்து செல்லாமல் போகும், ஒப்பந்தமும் இடம் தராமல் போகலாம். அங்கே வெண்டரிடம் எழுத்தில் கேட்பதைத் தவிர வழியில்லை. ஆனால் பெயரை மாற்றியதோடு நின்றுவிட்டால் இன்னொரு முறை இதே இடத்துக்கு வருவோம். டேட்டாபேஸ் கனெக்ஷன்களுக்கான ஹிகாரி பூல் இந்தக் கலவரம் எதிலும் சிக்கவில்லை. அது க்ளோசபிள், மூடும் மெத்தட் டைப்பிலேயே இருக்கிறது, ஸ்பிரிங் அதைத் தானே கண்டுபிடித்து அழைக்கிறது. ஆட்டோக்ளோசபிள் ஜாவா 7 முதல் ஜாவா.லாங்குக்குள் இருப்பது, அதற்குத் தனி ஜார் வேண்டாம், எந்த ஃபிரேம்வொர்க்கும் வேண்டாம். காம்போனென்ட் ஸ்கேனில் வந்த பீனாக இருந்தாலும் அது ஆட்டோக்ளோசபிள் என்றால் கான்டெக்ஸ்ட் மூடும்போது க்ளோஸ் அழைக்கப்படும். புரோட்டோடைப் ஸ்கோப்புக்கு இதுவும் உதவாது. அதைக் கண்டெய்னர் பெற்றுக் கொடுப்பதோடு சரி, யார் வாங்கினாரோ அவரே மூட வேண்டும். பிறப்பு வேலையைக் கன்ஸ்ட்ரக்டரிலோ கான்ஃபிகரேஷன் கிளாஸின் பீன் மெத்தடிலோ செய்யலாம். பிராக்ஸி தயாரான பின்தான் செய்ய முடியும் என்ற சில இடங்களில் ஸ்பிரிங்கின் சொந்த இன்டர்ஃபேஸைப் போட்டுக்கொள்ளுங்கள். வெண்டருக்குக் கட்டுப்பட்டதாகும் என்றால் ஆகட்டும். அந்த வெண்டர் அதை விலக்கும் நாளில் கம்பைலரோ லோடரோ கத்தும்.

ஜூனுக்கு முன் செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல, சலிப்பான வேலை. டிப்ளாய் ஆகும் வார் அல்லது ஃபேட் ஜாரை எடுத்து, அதற்குள் இருக்கும் ஜார்கள் ஒவ்வொன்றையும் அவிழ்த்து, கிளாஸ் கோப்புகளில் பழைய இரு பேக்கேஜ்களின் ப்ரீடெஸ்ட்ராய், போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட், ரிசோர்ஸ், இன்ஜெக்ட் ஆகிய நான்கு பெயர்களைத் தேடுங்கள். கான்ஸ்டன்ட் பூலில் அவை எழுத்தாகவே இருக்கும், சாதாரண கிரெப் போதும். பேக்கேஜ் பெயரில் புள்ளிக்குப் பதில் சாய்கோடு வரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் அந்த மெத்தட் என்ன செய்கிறது, இனி யார் அழைப்பார் என்று ஒரு வரி எழுதி, அந்தப் பட்டியலை எஸ்பாமோடு இணைத்து ஆடிட்டரிடம் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் கொடுங்கள். ஜாரை அவிழ்க்காமல் மேலோடு தேடினால் எதுவும் அகப்படாது, உள்ளே இருப்பது சுருக்கப்பட்ட தரவு. அந்த வெறும் விடையை வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று யாரும் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்.